2016 அபார்த் புன்டோ, கேரளப் பதிவு: வாங்கலாமா? வாங்கினால் முதலில் எதில் கை வைப்பது?

சேலம்87 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 2008 சுவிஃப்ட் 1.3 பெட்ரோல் வண்டியைத்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வார நாட்களில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன், அதனால் கார் சனி ஞாயிறில்தான் வெளியே வரும். ஏற்காடு, கொல்லிமலை, எப்போதாவது வால்பாறை. ரேஸ் டிராக் ஆசையெல்லாம் இல்லை. மலைப்பாதையில் ஓட்டச் சந்தோஷமாக இருக்க வேண்டும், பின்சீட்டில் என் பையனுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். எல்லாச் செலவும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் போக முடியாது.

திருச்சூர் பக்கம் ஒரு வெள்ளை அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோவின் டர்போ பெட்ரோல் வகை) கிடைத்திருக்கிறது. 2016 மாடல், கேஎல்-08 பதிவு, இரண்டாவது ஓனர், ஓடோமீட்டரில் 68,000 கி.மீ. ஐந்தேகால் கேட்கிறார். "ஸ்டேஜ் ஒன்" ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்தது, இன்டேக் மாற்றியது, எக்ஸாஸ்ட் சத்தம் தெருமுனையிலேயே கேட்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்கிறார், பில் இல்லை. டயர் புதுசு என்கிறார்.

ஒரு சின்ன ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். இழுவை பயங்கரம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் டக் டக் என்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் எண் விட்டு விட்டு மின்னுகிறது. "அது ஃபியட்டில் சகஜம் சார்" என்று சிரித்தார்.

இது வாங்கலாமா, இல்லை என் சுவிஃப்ட்டையே சரிபண்ணி ஓட்டலாமா? வாங்கினால் எதில் முதலில் பணம் போடுவது?

கிண்டி_கியர்:

இந்த பட்ஜெட்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ பாருங்கள். 1.2 டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், கதவைச் சாத்தினால் வரும் சத்தமே தனி. ஃபியட் ஊரைக் காலி பண்ணிப் போய்விட்டது, ஒரு பம்பருக்கு எத்தனை மாதம் காத்திருப்பீர்கள்? போலோவை 2022 வரை இங்கே விற்றார்கள், ஷோரூமும் திறந்திருக்கிறது.

ஒரே விஷயம், பழைய ஜிடி டிஎஸ்ஐயில் ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ட்ரை கிளட்ச் வகை. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடாகும். கியரை இயக்கும் மெகட்ரானிக் யூனிட் போனால் பில் லட்சத்தைத் தாண்டும். அந்த பயம் வேண்டாமென்றால் 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல், 110 குதிரைத்திறன். அது ஆறு லட்சத்துக்குள் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம், கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும்.

தேள்_கோவை:

போலோ நல்ல வண்டிதான், ஆனால் சேலம் நண்பர் கேட்டது வேறு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, வால்பாறையில் 40. அங்கே ஓட்டுவதற்காகவே வண்டி வாங்குகிற ஆளிடம் டிஎஸ்ஜி மெகட்ரானிக் கதை எதற்கு? நான் அபார்த் வைத்திருப்பவன், அதனால் பாரபட்சம் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இது என்ன வண்டி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுவது இங்கேதான் நடக்கிறது. 2015 அக்டோபரில் வந்தது. 1.4 டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், தரையிலிருந்து 155 மி.மீ. உயரம். விலை பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, எக்ஸ் ஷோரூம். நான்கு மீட்டருக்குள் அடங்கிய வண்டியாக இருந்தும் பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டியதால் சின்ன கார் வரிச்சலுகை கிடைக்கவில்லை. விற்றதும் கொஞ்சம்தான். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண புன்டோவில் வந்த 90 குதிரைத்திறன் 1.4 பெட்ரோலும் 1368 சிசி, அபார்த் டர்போவும் 1368 சிசி. ஆர்சி புத்தகத்தில் சிசியைப் பார்த்து எதுவும் தெரியாது. அபார்த்தின் அடையாளமான தேள் ஸ்டிக்கரும் அலாய் வீலும் போட்டு, உள்ளே வேறு எஞ்சினோடு ஒரு புன்டோவை ஈரோட்டில் நானே பார்த்தேன். உங்கள் வண்டி இழுத்த இழுப்பைச் சொல்வதால் அது டர்போதான். இருந்தாலும் ஆர்சியில் மாடல் வரியில் அபார்த் என்று இருக்கிறதா, பின் சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். லீனியா டி-ஜெட்டிலிருந்து எஞ்சினைக் கழற்றி மாட்டிய வண்டிகளும் உண்டு. அதில் டர்போ சின்னது, 114 குதிரைத்திறன்தான்.

அடுத்து அந்த மின்னும் ஓடோமீட்டர். "ஃபியட்டில் சகஜம்" என்றால் பாதி உண்மை. இந்த வண்டியில் மீட்டர், ரேடியோ, ஸ்டீரிங், ஏர்பேக் எல்லாம் ஒரே வயரிங்கில் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியை மாற்றினால், கணக்கு இடிக்கிறது என்று மீட்டர் மின்ன ஆரம்பிக்கும். ப்ராக்ஸி அலைன்மென்ட் என்று ஒரு வேலை செய்தால் நின்றுவிடும். லேப்டாப், கேபிள், மல்டிஈசியூஸ்கேன் மென்பொருள் இருந்தால் பத்து நிமிட வேலை. சரி, எந்தப் பெட்டியை மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. வெளி ஸ்டீரியோ போட்டிருந்தால் கவலை இல்லை. மீட்டரையே மாற்றியிருந்தால் 68,000 என்பது கதையாக இருக்கலாம். பாடி கம்ப்யூட்டரிலும் (விளக்கு, கதவு போன்றவற்றை நடத்தும் பெட்டி) ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஸ்கேனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் ஸ்கேன் போட விடமாட்டேன் என்றால் அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள்.

பெல்ட். டி-ஜெட்டில் டைமிங் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு எஞ்சின் முடிந்தது. கிலோமீட்டரை விட வயது முக்கியம். பத்து வருட வண்டியில் பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவர் எந்தக் கோயிலில் சத்தியம் பண்ணினாலும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பம்ப்பை விட்டுவிட்டால் அது கசியும்போது மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இதில் கேம்ஷாஃப்ட்டைப் பூட்டிவைக்கும் தனி டூல் வேண்டும். அது இல்லாமல் பெயிண்டால் குறி போட்டு மாற்றுகிறேன் என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் டர்போ பக்கமிருந்து டிக் டிக் என்று வந்து, சூடானதும் நின்றுபோனால் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருக்கும். கூலன்ட் எந்த நிறத்தில் இருக்கிறது, வெறும் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றியிருக்கிறார்களா, ரிசர்வாயர் ஓரத்தில் கறை இருக்கிறதா பாருங்கள். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே போகிற ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். அடியில் எண்ணெய் லேசாகப் படிந்திருந்தால் பரவாயில்லை. சொட்டினால்தான் வில்லங்கம். டைவர்ட்டர் வால்வு பழசானால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கசிந்து 3,000 சுற்றுக்கு (ஆர்பிஎம்) மேலே மந்தமாகும்.

கிளட்ச்சைக் கட்டாயம் சோதியுங்கள். ரீமேப் செய்த அபார்த்தில் முதலில் சாவது அதுதான். ஆள் இல்லாத நேரான ரோட்டில் நான்காவது கியரில், 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி மட்டும் ஏறினால் கிளட்ச் தீர்ந்துவிட்டது, அதை விலையில் கழியுங்கள்.

அந்த டக் டக் பயப்படும் விஷயமில்லை. லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுன்ட், இந்த மூன்றில் ஒன்று, பெரும்பாலும் மூன்றும். நம்ம ரோட்டுக்குப் பத்து வருடம் தாங்கியதே பெரிது. ஆனால் ஸ்டீரிங் ராக்கிலிருந்து சத்தம் வந்தால் செலவு ஏறும். ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்தை மணி ஒன்பது, மூன்று இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வி. எல்லோரும் ரீமேப்பில் ஆரம்பிக்கிறார்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த வண்டியின் அழகே அதன் ஹைட்ராலிக் ஸ்டீரிங். ரோட்டில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் கைக்குச் சொல்லும். இன்றைக்கு வருகிற எலெக்ட்ரிக் ஸ்டீரிங் வண்டிகளில் அது வராது. அந்தச் சுகம் வேண்டுமென்றால் புஷ், ஷாக், டயர், அலைன்மென்ட் இந்த நான்கும் புதுசு போல இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு மட்டும் 212 நியூட்டன் மீட்டர் போகிறது. தேய்ந்த புஷ்ஷோடு இரண்டாவது கியரில் மிதித்தால் ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதன்மேல் இன்னும் முப்பது குதிரையை ஏற்றினால் என்ன ஆகும்? புகை வரும், சத்தம் வரும், கொண்டை ஊசியிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க டயர் சும்மா சுற்றும். நேரான ரோட்டில் வீடியோ எடுக்க மட்டும் நன்றாக இருக்கும்.

என்னிடம் வண்டி வந்தபோது புஷ்ஷும் மவுன்ட்டும் மாற்றி, நல்ல டயர் போட்டு, அலைன்மென்ட் செய்து ஓட்டிய முதல் கல்லாறு ஏற்றத்திலேயே, "இதற்கு மேல் பவர் எதற்கு" என்று தோன்றிவிட்டது. இன்னும் கம்பெனி கொடுத்த ஸ்டாக் மேப்பில்தான் ஓடுகிறது.

டயரைப் "புதுசு" என்றால் நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கம்பெனி அளவு 195/55 ஆர்16. 205/50 போட்டால் சுற்றளவு ஒன்றரை சதவீதம் குறையும், உயரம் கிட்டத்தட்ட ஐந்து மி.மீ. போகும். ஏற்கெனவே 155 தான் இருக்கிறது, ஓமலூர் பக்கத்து ஸ்பீட் பிரேக்கரை நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருந்தால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம்.

ஜி13_காதலன்:

யாருமே சுவிஃப்ட்டைப் பற்றிப் பேசவில்லையே! 2008 என்றால் 1.3 ஜி13 எஞ்சின், 87 குதிரைத்திறன். எண் சின்னதுதான், ஆனால் வண்டி ஒரு டன்தான் எடை. 2010இல் 1.2 கே-சீரிஸ் வந்து இதை ஓரங்கட்டினார்கள், மைலேஜ் கூடியது, அந்தக் குறும்பு போய்விட்டது. டர்போ கிடையாது, இன்டர்கூலர் கிடையாது, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். புது ஷாக், நல்ல டயர், பிரேக் பேட், எஞ்சின் மவுன்ட் போட்டால் லட்ச ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசியிலும் மூன்றாவது கியரைத் தொடாமல் சுற்றை ஏற்றி ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வேகமான வண்டியை மெதுவாக ஓட்டுவதைவிட மெதுவான வண்டியை முழுசாகப் பிழிவதில்தான் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் கொல்லிமலை அடிவாரம் வரை நாமக்கல் பைபாஸில் போகும்போது அபார்த்காரர் டாட்டா காட்டிவிட்டுப் போவார், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஃபார்ம்28:

கேரள வண்டி என்பதால் இதையும் படித்துவிடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சூர், எர்ணாகுளம், ஆலப்புழைப் பக்கம் எக்கச்சக்கமான கார்கள் முங்கின. அப்போது இந்த வண்டிக்கு இரண்டு வயது. முன்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட் தண்டவாளம், டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள இரும்புத் தாங்கிகள், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், இங்கெல்லாம் துரு இருந்தால் தண்ணீர் போன வண்டி. சர்வீஸ் ஹிஸ்டரியிலும் இன்ஷூரன்ஸ் க்ளெயிம் பட்டியலிலும் 2018 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். ஃபியட் போல எல்லாப் பெட்டியும் பேசிக்கொள்கிற வண்டியில் தண்ணீர் போன கனெக்டர் என்பது முடியாத தலைவலி.

பேப்பர் வேலை: கேரள ஆர்டிஓவில் ஃபார்ம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். கேமரா அபராதங்கள் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள், அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இப்போதே பாருங்கள். லோன் இருந்தால் அதை நீக்க ஃபார்ம் 35, அப்புறம் பெயர் மாற்றத்துக்கு 29, 30. சேலத்தில் மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதைக் கழித்து இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு யார் பெயரில் விண்ணப்பம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இந்தச் செலவை ஆறு லட்சத்துக்குள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த எக்ஸாஸ்ட்டோடு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்டாக் எக்ஸாஸ்ட்டை அவர் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுவும் தேடி வாங்க வேண்டிய பொருள். ரீமேப் செய்ததை இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மறைத்தால், பெரிய விபத்து க்ளெயிமில் அவர்களுக்கு ஒரு காரணம் கையில் கிடைக்கும்.

சேலம்87:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். நிலவரம் இது:

ஆர்சியில் அபார்த் என்றே இருக்கிறது, பின்னால் டிஸ்க் இருக்கிறது. மீட்டரும் பாடி கம்ப்யூட்டரும் ஒரே தூரத்தைக் காட்டின. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டதிலிருந்துதான் மின்னுகிறதாம். சீட் பெல்ட் சுத்தம், துரு இல்லை, 2018 சர்வீஸ் பதிவுகள் பாலக்காட்டில் இருக்கின்றன, அவர் அப்போது அங்கேதான் வேலை பார்த்தாராம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் டிக் டிக் இல்லை. ஆனால் நான்காவது கியரில் மிதித்தபோது ஊசி ஒரு துள்ளு துள்ளி அப்புறம்தான் வேகம் ஏறியது. டயர் 2021 தயாரிப்பு, பட்டன் ஆழம் இருக்கிறது, ரப்பர் கல் மாதிரி. ஸ்டாக் எக்ஸாஸ்ட், ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) இரண்டும் அவர் வீட்டு மாடியில் இருக்கின்றன, தருகிறேன் என்கிறார். மேப்பை யார் எழுதினார்கள் என்று கேட்டால் பழைய ஓனர் எங்கேயோ செய்தது, பேப்பர் இல்லை என்கிறார்.

தேள் அண்ணா, விலை எவ்வளவு சொல்லலாம்? மேப்பை அப்படியே விட்டு ஓட்டலாமா? இப்போது எல்லா பங்க்கிலும் இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல்தான், அது வேறு பயமாக இருக்கிறது.

தேள்_கோவை:

நல்ல வண்டி மாதிரித்தான் தெரிகிறது. வாங்கலாம், ஐந்தேகாலுக்கு இல்லை.

கிளட்ச் செட், பெல்ட் கிட் பம்ப்போடு, நான்கு டயர், முன் சஸ்பென்ஷன் புஷ், லிங்க், மவுன்ட், பிரேக் ஃப்ளூயிட், எல்லா எண்ணெயும். லேபரோடு சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆகிவிடும், நான் விசாரித்த விலைகளை வைத்துச் சொல்கிறேன். இதோடு மறுபதிவு. இந்தப் பட்டியலை அப்படியே அவர் முன்னால் வைத்து நான்கில் ஆரம்பியுங்கள். நாலேகால் வரை போகலாம். அதற்கு மேலே கேட்டால் வேறு வண்டி தேடுங்கள், வருடத்துக்குச் சில வண்டிகளாவது கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விற்பனைக்கு வருகின்றன. ஸ்டாக் எக்ஸாஸ்ட்டும் ஏர்பாக்ஸும் பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

யார் எழுதினார்கள் என்றே தெரியாத மேப்போடு ஒரு நாள்கூட மலை ஏறாதீர்கள். நல்ல ட்யூனர் பூஸ்ட்டை ஏற்றினால் கூடவே பெட்ரோல் கலவையையும் இக்னிஷனையும் பார்த்துப் பார்த்து எழுதுவார், ரோட்டில் ஓட்டி லாக் (எஞ்சின் தரும் எண்களின் பதிவு) எடுத்துத் திருத்துவார். இன்டர்நெட்டில் கிடைத்த ஃபைலை ஏற்றிவிட்டுக் காசு வாங்குகிறவரும் இருக்கிறார். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், மிதித்தால் இரண்டும் இழுக்கும். பெங்களூர் குளிரில் டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரம்) சரியாக இருந்த மேப், மே மாதம் கரூர் ரோட்டில் 40 டிகிரியில் நாக் அடிக்கும் (கலவை நேரம் தப்பி வெடித்து எஞ்சினைக் கெடுக்கும்). இன்டர்கூலர் சின்னது, சூடு ஏறினால் உடனே இறங்காது. ஆகவே முதல் வேலையாக ஒரு நல்ல ட்யூனரிடம் போய் ஸ்டாக் ஃபைலை ஏற்றுங்கள். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேர் எண்ணைக் கொடுத்தால் அவர்களிடம் பெரும்பாலும் ஒரிஜினல் இருக்கும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், அளவுக்கு மீறிச் சூடானதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இ20. 2016 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும், என் வண்டி ஊருக்குள் ஒன்பது பத்துதான் கொடுக்கிறது, அதனால் அந்த வருத்தம் பழகிவிட்டது. முக்கியம் ரப்பர்தான். எரிபொருள் குழாய்கள், இன்ஜெக்டர் ஓரிங், டேங்க் பம்ப் சீல் இவற்றை பெல்ட் வேலையின்போதே பார்த்து, வெடித்தது இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் டேங்க் பாதியோடு சும்மா நிறுத்தாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். சனி ஞாயிறு வண்டி என்பதால் சொல்கிறேன்.

வேலை வரிசை: பெல்ட், கிளட்ச், ரப்பர் குழாய்கள் முதலில். கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸ் இறங்கும்போதே ஃப்ளைவீலில் சூட்டுப் புள்ளி இருக்கிறதா, எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா பார்த்துவிடுங்கள், இரண்டாவது முறை இறக்க வேண்டாம். அடுத்து சஸ்பென்ஷன், டயர், கடைசியில் அலைன்மென்ட். அலைன்மென்ட்டை முதலில் செய்து புஷ்ஷைப் பிறகு மாற்றினால் மறுபடி காசு. புன்டோ, லீனியாவுக்குப் பொதுவான பாகங்கள் கோவையிலும் சென்னையிலும் பழைய ஃபியட் கடைகளில் கிடைக்கின்றன. 1.3 டீசல் எஞ்சினை சுவிஃப்ட்டிலும் போட்டதால் அதற்கு எல்லாமே கிடைக்கும், டி-ஜெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டர்போ சம்பந்தப்பட்டதைப் பாக நம்பரோடு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், கஸ்டம்ஸ் சேர்த்து. முன் பம்பரும் அலாய் வீலும்தான் அரிது. அலாயில் விரிசல் இருக்கிறதா என்று டயர் மாற்றும்போது உள்பக்கமும் பாருங்கள்.

பிரேக்கைப் பெரிதாக்க நினைக்க வேண்டாம். புது டாட்4 ஃப்ளூயிட், நல்ல பேட், இறக்கத்தில் இரண்டாவது கியர், இது போதும். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பெடல் மெத்தென்று ஆனால் அது டிஸ்க் அளவுப் பிரச்சினை இல்லை, எப்போதோ ஊற்றிய ஃப்ளூயிட் தண்ணீர் குடித்திருக்கும்.

ஓட்டும் பழக்கம் ஒன்று. ஏறி முடித்ததும் வியூ பாயின்ட்டில் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். கடைசிக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் டர்போ ஆறிவிடும். எண்ணெய் 5டபிள்யூ-40 ஃபுல் சின்தெடிக். புத்தகம் சொல்கிற இடைவெளிக்குக் காத்திருக்காமல் பாதியில் மாற்றுங்கள்.

ஒரு வருடம் ஸ்டாக்கில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பவர் போதவில்லை என்று தோன்றினால் அப்போது ரீமேப் பேசலாம், ட்யூனரிடம் என்ன லாக் கேட்க வேண்டும் என்று நானே எழுதித் தருகிறேன்.

கிண்டி_கியர்:

நாலேகாலுக்கு முடிந்தால் போலோ பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சேலம் நண்பரே, அந்த சுவிஃப்ட்டை விற்கப் போகிறீர்களா? என்ன விலை?

சேலம்87:

சுவிஃப்ட் விற்பனைக்கு இல்லை சார், அப்பா தரமாட்டார். திருச்சூர்காரரிடம் பேசினேன், நாலரையில் நிற்கிறார், எக்ஸாஸ்ட்டும் ஏர்பாக்ஸும் சேர்த்து. என்ஓசி எடுத்துத் தருவது அவர் பொறுப்பு என்று எழுதித் தர ஒப்புக்கொண்டார். தேள் அண்ணா, கேம் லாக் டூல் வைத்திருக்கிற மெக்கானிக் கோவையில் யார் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவர் தேதி கொடுத்தால் இங்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.

தேள்_கோவை:

அனுப்பிவிட்டேன். நாலரை என்றால் அந்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவைக் கழற்றி ஒரிஜினலைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், ப்ராக்ஸி வேலையை நான் இங்கேயே செய்து தருகிறேன். திருச்சூரிலிருந்து வரும்போது பெல்ட் பழசு என்பதை மறந்துவிட வேண்டாம், 3,000 சுற்றைத் தாண்டாமல் நேராகக் கோவைக்கு வாருங்கள்.